கல் சும்மாவா கிடக்கிறது? மணவாளக்குறிச்சி மணலை வைத்து ஒரு பதில்

குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் நான்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று பாடத்தில் ஒரு வரி வருகிறதாம். காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பு புரிகிறது, மரத்துக்கும் காற்றுக்கும் உள்ளதும் புரிகிறது, "ஆனா கல்லு சும்மாதானே கிடக்கு, அது யாரோட என்ன தொடர்பு வெச்சுக்கும்?" என்கிறார். வகுப்பில் எரிமலையை உதாரணமாகச் சொன்னார்களாம். நம்மூரில் எரிமலையே இல்லையே என்று இவர் திருப்பிக் கேட்க, பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

நல்ல கேள்வி. நான்கு வட்டம் வரைந்து நடுவே அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள், அந்த அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. நான் நிலவியல் படித்தவன், சொந்த ஊர் தோவாளைப் பக்கம், அதனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன். எரிமலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தம்பி, நீங்கள் முதலில் பஸ் ஏறி மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போய் ஒரு கைப்பிடி மணலை அள்ளி, வெள்ளைக் காகிதத்தில் வெயில் படும்படி விரித்துப் பாருங்கள்.

கறுப்பாக மினுங்குவது பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம். ரத்தச் சிவப்பில் கண்ணாடித் தூள் மாதிரி இருப்பது கார்னெட். நிறமில்லாமல் இருப்பதில் பெரும்பகுதி குவார்ட்ஸ், நடுநடுவே சிர்கானும் இருக்கும். தேன் நிறத்தில் உருண்டையாக ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் அது மோனசைட். கன்னியாகுமரியில் பல நிற மணலைப் பாக்கெட்டில் போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள், அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று கதை சொல்வார்கள். நம் முன்னோர்கள் அந்த மணலைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது அந்தக் கதையிலேயே தெரிகிறது. ஒரே கரையில் இத்தனை நிறம் ஏன், இது வேறு எங்கிருந்தோ வந்து இங்கே கொட்டப்பட்டதுதானே என்ற கேள்வி அவர்களுக்கும் எழுந்திருக்கிறது.

எங்கிருந்து வந்தது? தலையைத் திருப்பினால் தெரிகிற மலையிலிருந்துதான். வேளிமலை, மகேந்திரகிரி, பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற காட்டுமலைகள் எல்லாமே சார்னோக்கைட், நைஸ், கோண்டலைட் போன்ற பழைய உருமாறிய பாறைகளால் ஆனவை. இவை கடைசியாகப் பெரிய அளவில் வெந்து உருமாறியது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்துக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், 800, 900 டிகிரி வெப்பத்தில். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் வளர்ந்ததுதான் நம் சிவப்பு கார்னெட். சரி, 20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த சாமான் இன்று உங்கள் உள்ளங்கைக்கு எப்படி வந்தது? மேலே மூடியிருந்த கல்லையெல்லாம் மழையும் ஆறும் கோடிக்கணக்கான வருஷம் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோயின, சுமை குறையக் குறைய அடியிலிருந்த பாறை மெல்ல மேலே எழும்பியது. சரக்கை இறக்கினால் வள்ளம் தண்ணீரில் உயர்கிறதே, அதே கணக்குதான். மலையின் உயரத்தைப் பூமியின் உள்சக்தி மட்டும் தீர்மானிப்பதில்லை, மேலே பெய்கிற மழைக்கும் அதில் பங்கு உண்டு என்பது நான் படிக்கும் காலத்தில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத விஷயம்.

இதில் மடகாஸ்கரும் வருகிறது. ஒரு காலத்தில் நாமும் மடகாஸ்கரும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒரே நிலம், கோண்டுவானா. ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம் மேற்குக் கரையை விட்டு விலகியது. மேற்குத்தொடர்ச்சி மலை அந்தப் பிளவின் விளிம்பு, அதனால்தான் கேரளப் பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாகவும் கிழக்கே சரிவாகவும் பல இடங்களில் இருக்கிறது. மடகாஸ்கரின் தென்கிழக்குக் கரையிலும் இதே மாதிரி இல்மனைட் மணலைத் தோண்டுகிறார்கள்.

அடுத்து, மலை எப்படி மணலாகிறது? இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. மழைத்துளி விழும்போதே காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது, சோடாவில் இருக்கிற அதே அமிலம்தான், ஆனால் மிகவும் நீர்த்தது. அது மண்ணுக்குள் இறங்கும்போது வேரும் நுண்ணுயிரும் மூச்சுவிட்டுச் சேர்த்து வைத்த கார்பன் டை ஆக்சைடு அங்கே காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்கிறது. காற்றும் நீரும் உயிரும் சேர்ந்து தயாரித்த இந்த அமிலம் பாறையின் விரிசலில் ஊறி, அதில் நிறைய இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைத் தின்கிறது. ஃபெல்ட்ஸ்பார் வெள்ளைக் களிமண்ணாக மாறிவிடும், குண்டறையில் பீங்கானுக்குத் தோண்டிய களி அப்படி வந்ததுதான். அதிலிருந்த கால்சியம், சோடியம் எல்லாம் கரைந்து ஆற்றோடு போய்விடும். பாறையைப் பிடித்து வைத்திருந்த பிடி தளர்ந்ததும், கரையாமல் மிஞ்சுகிற குவார்ட்ஸ், இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் பொலபொலவென்று உதிர்கின்றன. கல் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டீர்கள். ஒவ்வொரு மழையிலும் அது கொஞ்சம் கரைகிறது.

மழையும் வெயிலும் நம்மூர் அளவுக்கு இருந்தால் இது இன்னும் ஒரு படி மேலே போகும். என் பெரியம்மா வீடு மார்த்தாண்டத்துக்கு மேற்கே, ஒரு விளைக்கு, அதாவது தோப்புக்கு, நடுவில். அங்கே கிணறு தோண்டும்போது நான் சின்னப் பையன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேலே சிவப்பு மண், அதன் கீழே ஓட்டை ஓட்டையாகச் சிவப்பும் மஞ்சளும் கலந்த வெட்டுக்கல், அதற்கும் கீழே வழுவழு என்று வெள்ளைக் களி, இன்னும் கீழே போனால் அழுகின பாறை, கையால் நசுக்கினால் பொடியும், ஆனால் பாறையின் வரிகள் அப்படியே இருக்கும், கடைசியில் கடப்பாரை தெறிக்கிற பச்சைப் பாறை. பாறை மண்ணாகிற கதை முழுவதும் அந்த ஒரு கிணற்றின் சுவரில் இருந்தது. வெட்டுக்கல்லில் இரும்பும் அலுமினியமும்தான் மிச்சம், மற்றதையெல்லாம் மழை கழுவிவிட்டது. வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகிவிடும், அதனால் அந்தக் கிணற்றுக்கு மேலே உறைகூடத் தேவைப்படவில்லை. இதற்கு லேட்டரைட் என்று 1807இல் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன், அவர் பார்த்தது மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில். வீட்டுச் சுவருக்கு அதை வெட்டி அடுக்குவதைப் பார்த்து, செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே பெயராக்கினார். தோவாளையில் எங்கள் வீட்டுக் கிணறு இப்படி இல்லை. அங்கே மழை குறைவு, மண் மெல்லியது, கொஞ்சம் தோண்டினாலே கல். இரண்டும் ஒரே மாவட்டத்து ஊர்கள்தான்.

கரைந்து போன கால்சியம் என்ன ஆனது என்று நீங்கள் கேட்க வேண்டும். அது அந்த மழை அமிலத்திலிருந்து வந்த பைகார்பனேட்டோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. சிப்பியும் சங்கும் பவளமும் அதை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. அந்த ஓட்டில் காற்றிலிருந்து வந்த கார்பன் பூட்டப்பட்டுவிடுகிறது. ஓடுகள் கடலடியில் படிந்து சுண்ணாம்புக்கல்லாகி, நிலத்தட்டுகள் ஒன்றின் கீழ் ஒன்று செருகும் இடங்களில் ஆழத்துக்குப் போய், வெந்து, எரிமலை வழியாகக் கார்பன் டை ஆக்சைடாக மறுபடி காற்றுக்கு வருகிறது. இதைக் கண்ணால் பார்க்க எரிமலைக்குப் போக வேண்டியதில்லை, அந்தக் காலத்தில் நம் கடலோரத்தில் சிப்பியைக் காளவாசலில் போட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்களே, அதே வேதியியல். சுடும்போது போகிற வாயு அதேதான். பூமி சூடானால் மழையும் கரைதலும் கூடும், அதனால் காற்றிலிருந்து கார்பன் அதிகமாக இழுக்கப்படும், பூமி மெல்லக் குளிரும். குளிர்ந்தால் கரைதல் குறையும், எரிமலை விடுகிற வாயு சேர்ந்து மறுபடி சூடாகும். இந்தத் தராசு லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில்தான் அசையும். இன்று உலகம் முழுவதும் எரிமலைகள் ஒரு வருஷத்தில் விடுகிற கார்பன் டை ஆக்சைடு, மனிதர்கள் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து விடுவதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். நம் அவசரத்துக்குக் கல் ஈடுகொடுக்காது.

மணலுக்கு வருவோம். உதிர்ந்ததைக் கோதையாறும் பரளியாறும் சேர்ந்த குழித்துறைத் தாமிரபரணியும், வள்ளியாறும், பழையாறும் கடலுக்குக் கொண்டுவந்தன. ஆறு எல்லாவற்றையும் கலந்துதான் கொட்டும். தரம் பிரிப்பது கடல். குவார்ட்ஸ் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், கார்னெட் சுமார் 4, இல்மனைட் 4.7, மோனசைட் சுமார் 5. அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும், இறங்கும்போது பலம் குறைவு, எடை குறைந்த குவார்ட்ஸை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது கரையிலேயே தங்கும். முறத்தில் அம்மா அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும்போது இந்தப் புடைப்பு உச்சத்துக்குப் போகும், கரை முழுக்கக் கறுத்துவிடும். கடல் அடங்கிய மாதங்களில் வெள்ளை மணல் திரும்பி வந்து மேலே மூடும். மலையைக் கரைத்த அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் கரையில் அந்த மணலைப் பிரித்தும் வைக்கிறது.

இந்த மணலுக்கு உலகப் பெயர் வந்த விதமும் சொல்லத் தக்கது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணல் மினுங்குவதைக் கவனித்தார். தேடிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அவருக்கு வேண்டியது மோனசைட், ஏனென்றால் அதில் தோரியம் உண்டு, அந்தக் காலத்து வாயு விளக்குகளின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளையாக எரியுமே அந்த வலை, அதேதான். நம் மோனசைட்டில் எட்டு முதல் பத்து சதவீதம் வரை தோரியம் ஆக்சைடு இருப்பதால் இங்கேயும், கேரளத்தில் கருநாகப்பள்ளி, சவறா கரையிலும் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியைவிடக் கூடுதல். ஆழத்தில் உருகிய பாறை கடைசியாக இறுகும்போது ஒதுக்கி வைத்த தனிமம், இன்று கடலோரத்தில் குடியிருப்பவர்களின் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது. பாறைக்கும் உயிருக்கும் தொடர்பு என்ன என்று கேட்டால் இதைவிட நெருக்கமாக நான் என்ன சொல்ல?

காற்றுக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பை எனக்குச் சின்ன வயதிலேயே யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தோவாளையில் ஆடி மாதம் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியாது, சோற்றில் மண் விழும், ஓட்டு வீட்டில் ராத்திரி முழுக்க ஓடு கடகடவென்று ஆடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, கண்ணால் கண்டது. காரணம் ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்கே கேரளக் கடலிலிருந்து வருகிற காற்றை மலை சுவர் மாதிரி தடுத்து மேலே ஏற்றுகிறது, ஏறுகிற காற்று குளிர்ந்து பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் மழையாகக் கொட்டுகிறது, ரப்பரும் கிராம்பும் அங்கே வளர்வது அதனால்தான். ஆனால் சுவரில் ஒரு வாசல் இருந்தால்? மொத்தக் காற்றும் நெருக்கிக்கொண்டு அதன் வழியாகப் பாய்கிறது, மழையை மலையில் விட்டுவிட்டு வெறும் வேகத்தோடு வெளியே வருகிறது. அந்த வாசலில்தான் முப்பந்தல் காற்றாலைகள் நிற்கின்றன, நாட்டிலேயே பெரிய தொகுப்புகளில் ஒன்று. வடக்கே பாலக்காட்டு வாசலுக்கும் செங்கோட்டை வாசலுக்கும் இதே கதைதான், குற்றாலத்துச் சாரலும் பொள்ளாச்சி ஜிலுஜிலுப்பும் மலையில் இருக்கிற இடைவெளிகள் கொடுத்த வரம். மலை எங்கே உடைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நம் ஊர்களின் வானிலை.

ஆரல்வாய்மொழியைத் தாண்டிய காற்று என்ன செய்கிறது என்பது இன்னும் அழகு. நாங்குநேரிச் சமவெளியின் காய்ந்த செம்மண்ணைப் பல ஆயிரம் ஆண்டுகளாக அள்ளிக்கொண்டு போய்த் திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் கடலை நெருங்கும் இடத்தில் மேடு மேடாகக் கொட்டியிருக்கிறது. அதுதான் தேரிக்காடு. ஒவ்வொரு மணலுக்கும் மேலே இரும்புத் துரு மெல்லிய பூச்சாக ஒட்டியிருப்பதால் அந்தச் சிவப்பு. மழை பெய்தால் தண்ணீர் ஓடாமல் நேராக உள்ளே இறங்கிவிடும், அதனால் மேலே பாலைவனம் மாதிரி தெரிகிற இடத்தில் அடியில் நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆழமாகப் போய் எடுக்கத் தெரிந்த மரம் பனை. பனையில் பதநீர், பதநீரில் கருப்பட்டி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி. மேற்கு மலையின் ஒரு இடைவெளி, அதன் வழியே வந்த காற்று, காற்று கொட்டிய மண், மண் பிடித்த தண்ணீர், தண்ணீரைக் குடித்த பனை என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள், சுக்குக் காப்பியில் போடுகிற கருப்பட்டித் துண்டு வரைக்கும் வந்துவிடும்.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்ததற்கும் மலையின் முனையில் நாம் இருப்பதுதான் அடிப்படை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையும் கிடைக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் மெதுவாக நடப்பவை. கல் சில சமயம் நொடியில் பேசிவிடும், அதை விட்டுவிட்டால் பதில் முழுமையாகாது. 2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி 6.28க்கு, சுமத்ரா அருகே கடலடியில் 1200 கிலோமீட்டருக்கும் மேல் நீளத்துக்கு நிலம் வெடித்து நகர்ந்தது, நில அதிர்ச்சியின் அளவு 9.1. நில அதிர்ச்சி இங்கே யாரையும் கொல்லவில்லை. தூக்கப்பட்ட தண்ணீர்தான் வந்தது. இலங்கை மறைத்துக்கொண்டிருக்கிறதே, நம் மேற்குக் கரைக்கு என்ன வரப்போகிறது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அலை இலங்கையைச் சுற்றி வளைந்து வந்து குளச்சலையும் கொட்டில்பாட்டையும் அடித்தது, மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்துப் போட்டது. குமரி மாவட்டத்தில் மட்டும் எண்ணூறு பேர் அளவில் போய்விட்டார்கள். அலை போன பிறகு கிணறுகளில் உப்பு, தோப்புகளில் கடல்மண். ஆழத்தில் ஒரு பாறை வழுக்கியது கடலாகி, கடல் நிலத்தின் மேலேறி, நிலத்தடி நீர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று மலைச்சரிவு. கேரளத்தில் உருள்பொட்டல் என்பார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் மேல் மலை இறங்கி 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தென்தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன குடும்பங்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. என்ன நடக்கிறது என்றால், செங்குத்தான கெட்டிப் பாறைக்கு மேலே மண் சில மீட்டர் கனத்துக்குப் போர்வை மாதிரிதான் கிடக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது மண்துகள்களின் உராய்வும் மரவேர்களும். மழை நாள்கணக்கில் ஊறினால் துகள்களுக்கு நடுவே தண்ணீரின் அழுத்தம் கூடி ஒன்றை ஒன்று அழுத்திப் பிடித்திருந்த பிடி விட்டுப்போகும், அடியில் பாறை தண்ணீரை உள்ளே விடாது, அப்போது போர்வை முழுவதும் சேறாகி, பாறாங்கல்லும் மரமுமாக இறங்கிவிடும். காட்டை வெட்டி ஆழமில்லாத வேருள்ள பயிரை வைத்தால், சரிவை வெட்டிச் சாலை போட்டால், ஓடையை மறித்துக் கட்டினால் அந்தப் பிடி இன்னும் சீக்கிரம் விடும். மழை அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. நான்கு கோளங்களும் சேர்ந்து செய்கிற விபத்து அது, அதில் மனிதன் கை வைத்த இடமும் இருக்கிறது.

எரிமலை கேட்டீர்கள் அல்லவா, அதற்கு இரண்டு வரி போதும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்து, ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேல்வளிமண்டலத்துக்கு அனுப்பியது, அது நுண்துளிகளாகி வெயிலைத் திருப்பிவிட, அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி குறைந்தது. நம்மூரில் எரிமலை இல்லாவிட்டாலும் அந்த நிழல் நம் மேலும் விழுந்தது.

இப்போது எனக்கு மனசு வலிக்கிற பகுதி. பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. அது இல்லையென்றால் நாஞ்சில் நாட்டுக் கால்வாய்களில் தண்ணீர் இல்லை, அந்த அணையைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனாலும் அணை தண்ணீரை விடும், மணலை விடாது, அது நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடும். அணைக்குக் கீழே ஆற்றில் இருந்த மணலையும் வீடு கட்ட அள்ளிவிட்டோம். கடல் மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை, ஒவ்வொரு ஆனி, ஆடியிலும் கரையிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகும்? நீரோடியிலும் வள்ளவிளையிலும் வீடுகள் கடலுக்குள் போகின்றன. உடனே என்ன செய்கிறோம், லாரி லாரியாகப் பாறாங்கல் கொண்டுவந்து கடற்சுவரும், கரையிலிருந்து கடலுக்குள் நீளுகிற தூண்டில் வளைவும் கட்டுகிறோம். தூண்டில் வளைவு போட்ட இடத்தில் ஒரு பக்கம் மணல் சேரும், உண்மை. கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணலை அங்கே பிடித்து வைத்துவிட்டதால் மறுபக்கத்து ஊரில் அரிப்பு கூடும், அவர்களும் ஒன்று கேட்பார்கள், அப்புறம் அதற்கடுத்த ஊர். வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது கல் போடாதே என்று அந்த மக்களிடம் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தக் கல் எங்கிருந்து வருகிறது? அதே மலையிலிருந்து. மழையும் ஆறும் மணலாக்கிக் கரைக்கு அனுப்ப வேண்டிய மலையை, வெடி வைத்து உடைத்து லாரியில் ஏற்றி அதே கரைக்கு அனுப்புகிறோம். களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகிற கல் லாரிகள் தனி. பொத்தை, அதாவது சின்னக் குன்று, ஒன்று காணாமல் போனால் மழை தேங்கி மெல்ல இறங்கி வந்த ஊற்றும் போகும், கீழே இருக்கிற குளமும் போகும், அதை நம்பிய ஏலாவும், அதாவது வயல்வெளியும், போகும். என் கண் முன்னால் அப்படிப் போன குளங்கள் உண்டு.

பரீட்சைக்கு எழுத வேண்டுமென்றால் தம்பி, நான்கு வட்டம் வரைய வேண்டாம். இடது பக்கம் மலை, வலது பக்கம் கடல் என்று ஒரே படம் வரையுங்கள். மழை விழுகிற இடம், வேர் பாறையைப் பிளக்கிற இடம், வெட்டுக்கல், ஆறு, அணை, ஆறு கடலில் சேரும் பொழிமுகம், கருமணல் கரை, கடலடியில் சிப்பி, எல்லாவற்றையும் அதிலேயே குறித்துவிடலாம். ஒரு கார்னெட் துகள் அந்தப் படத்தில் எந்த வழியாக வருகிறது என்று சிவப்பு மையால் ஒரு கோடு போடுங்கள், அணை வந்த இடத்தில் கோட்டை நிறுத்துங்கள். திருத்துகிறவர்களுக்குப் புரியும்.

முடிந்தால் ஆடி கடைசியில் ஒரு தடவையும் மாசியில் ஒரு தடவையும் மணவாளக்குறிச்சிக்குப் போய், ஒரே இடத்தில் நின்று இரண்டு போட்டோ எடுங்கள், ஓரத்தில் அசையாத ஏதாவது ஒன்று, ஒரு தென்னையோ கற்சுவரோ தெரியும்படி. முதல் படத்தில் கரை கறுத்திருக்கும், இரண்டாவதில் வெளுத்திருக்கும். தென்னைக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை அடி என்று இரண்டு தடவையும் காலால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷமும் போய் அளங்கள்.